காணொளி பார்த்து அல்ஜீப்ரா படிக்கும் பெரியவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே கணக்குப் புத்தகத்தை மறுபடி திறந்தவர்கள் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. சிலர் எஸ்.பி.எம். தேர்வை (மலேசியாவில் படிவம் 5 முடிவில் எழுதும் அரசுத் தேர்வு) தனியார் வேட்பாளராக எழுதப் போகிறவர்கள். சிலர் டிப்ளோமாவிலோ பட்டப்படிப்பிலோ முதல் பருவக் கணிதத்தில் மாட்டிக்கொண்டவர்கள். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறோம்.

ஒரு முன்குறிப்பு. காணொளிகளில் 'எக்ஸ்' என்று வரும் இடத்தில் இங்கே 'ப' என்று எழுதியிருக்கிறோம். எழுத்து வெறும் பெயர்ப்பலகைதான். எக்ஸ் இருந்தால் போட முடிகிறது, ப இருந்தால் கை நிற்கிறது என்றால் கணக்கின் உருவம்தான் மனப்பாடமாகியிருக்கிறது. 'க' என்று எழுதாததற்குக் காரணம், தமிழ் எண்களில் அது ஒன்று.

"காணொளி மட்டும் பார்த்தே அல்ஜீப்ரா கத்துக்க முடியுமா? இல்ல டியூஷன் போய்த்தான் ஆகணுமா?"

முடியும், ஆனால் காணொளியோடு மூன்று பொருள் வேண்டும்: கட்டம் போட்ட நோட்டு, விடையோடு கூடிய பயிற்சிப் புத்தகம், நீங்கள் போட்டதை எப்போதாவது ஒருமுறை பார்க்க ஓர் ஆள். காணொளி ஒரு வழிமுறையை நூறு தடவை சலிக்காமல் சொல்லும். உங்கள் நோட்டில் மூன்றாம் வரியில் குறி மாறியிருப்பதை மட்டும் சொல்லாது. அதைக் கண்டுபிடிக்கும் வேலையைக் கடைசிவரை நீங்களேதான் செய்ய வேண்டியிருக்கும். கீழே உள்ள பதில்களில் பாதி அதைப் பற்றித்தான்.

"ஃபார்ம் த்ரீயோட கணக்கு விட்டுப்போச்சு. இப்ப வயசு 38. எங்கேருந்து ஆரம்பிக்கிறது?"

எந்தக் காணொளியையும் திறக்கும் முன், கால்குலேட்டர் இல்லாமல் இந்த ஆறையும் போட்டுப் பாருங்கள்:

அ) −3 − (−8)
ஆ) 2/3 − 3/4
இ) 5 − 2(ப − 3) என்பதைச் சுருக்குக
ஈ) (ப − 4)² என்பதை விரிக்க
உ) 3ப − 7 = 5ப + 9 எனில் ப என்ன?
ஊ) ப² − 5ப − 14 என்பதைக் காரணிப்படுத்துக

விடைகள்: 5, −1/12, 11 − 2ப, ப² − 8ப + 16, −8, (ப − 7)(ப + 2). முதல் இரண்டில் தவறினால் படிவம் 1 (இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டு) புத்தகத்தின் முதல் பாடமான விகிதமுறு எண்களில் தொடங்குங்கள். இ தவறினால் அதே புத்தகத்தின் 5ஆம் பாடம். உ தவறினால் 6ஆம் பாடம். ஈ, ஊ தவறினால் படிவம் 2-இன் 2ஆம் பாடம். ஆறும் சரி என்றால் நேராகப் படிவம் 4-க்குப் போகலாம்.

கீழ்ப் படிவத்துக்கு இறங்கக் கூச்சப்படுகிறவர்கள்தான் அதிகம். 'மடக்கை (லாக்) புரியவில்லை' என்று வருகிறவர்களின் நோட்டைப் புரட்டினால், மடக்கை விதி சரியாக இருக்கும். அதற்கு அடுத்த வரியில் அடைப்புக்குறியை விரித்ததில் தவறியிருப்பார்கள். படிவம் 1, 2 காணொளிகளைப் பெரியவர் ஒருவர் இரண்டு மூன்று வாரங்களில் முடித்துவிடலாம். பிள்ளைகளுக்கு ஆகும் காலம் இதற்கு ஆகாது.

"தமிழ்ல பார்க்கிறதா, மலாய்லயா, இங்கிலீஷ்லயா?"

புரிந்துகொள்ள எந்த மொழி ஓடுகிறதோ அந்த மொழி. தேர்வு எழுத மலாயோ ஆங்கிலமோ வேண்டும், ஏனென்றால் எஸ்.பி.எம். கணிதத் தாள்கள் அந்த இரு மொழிகளில்தான் அச்சாகின்றன. 2003-இல் படிவம் 1-இல் நுழைந்தவர்கள் கணிதத்தை ஆங்கிலத்தில் படித்தார்கள். அதற்கு முந்தியவர்கள் மலாயில். தமிழ்ப்பள்ளியில் கற்ற 'காரணி'யும் 'பின்னமும்' ஒரு பக்கம், இடைநிலைப்பள்ளியில் கற்ற சொற்கள் இன்னொரு பக்கம் என்று பலருக்கு ஒரே தலைக்குள் இரண்டு அகராதி இருக்கிறது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் மூன்று பத்தி போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: மாறி, பெம்போலே ஊபா, வேரியபிள். கெழு, பெக்காலி, கோஎஃபிஷியன்ட். கோவை, உங்காப்பான், எக்ஸ்பிரஷன். சமன்பாடு, பெர்சமாஆன், இக்குவேஷன். இருபது இருபத்தைந்து சொல்லுக்கு மேல் தேவைப்படாது.

தமிழ்க் காணொளிகளில் ஒரு சிக்கல் உண்டு. தமிழ்நாட்டு ஆசிரியர் 'இயற்கணிதம்', 'கெழு' என்பார். இலங்கை ஆசிரியர் அதையே 'அட்சரகணிதம்', 'குணகம்' என்பார். இரண்டும் சரி. புதுப் பாடம் என்று நினைத்துக் கடந்துபோய்விடாதீர்கள்.

"கான் அகாடமியில 'சர்ட்'னு தேடினா சரியா ஒண்ணும் வரமாட்டேங்குது."

அது அமெரிக்கக் கற்றல் இணையத்தளம், அந்நாட்டுப் பாடத்திட்டத்தின் சொற்களில் அமைந்தது. 'சர்ட்' (√2 போல வேர்க்குறியோடு நிற்கும் எண்) அங்கே 'ரேடிகல்'. 'இண்டிசஸ்' என்றால் 'எக்ஸ்போனன்ட்ஸ்' என்று தேட வேண்டும். 'சைமல்டேனியஸ் இக்குவேஷன்' அங்கே 'சிஸ்டம் ஆஃப் இக்குவேஷன்ஸ்'. 'கிரேடியன்ட்' அங்கே 'ஸ்லோப்'.

கான் அகாடமியின் பலம் காணொளியைவிட அதன் கீழே வரும் பயிற்சிகள்தான். இலவசம், தவறினால் படிப்படியாகக் குறிப்புத் தரும். ஆனால் எஸ்.பி.எம். கேள்வி கேட்கும் பாணி அங்கே கிடைக்காது. கருத்துக்கு அங்கே போங்கள். கேள்விப் பழக்கத்துக்கு உள்ளூர் ஆசிரியர்கள் கடந்த ஆண்டுத் தாள்களையும் மாநில டிரையல் (முன்தேர்வு) தாள்களையும் போட்டுக் காட்டும் காணொளிகளுக்கு வாருங்கள். வரிசை இதுவே. தலைகீழாகப் போனால் 'இந்த மாதிரி கேள்வி வந்தால் இப்படிப் போடு' என்ற அளவில் நின்றுவிடும்.

"பார்க்கும்போது எல்லாம் புரியுது. மூடிட்டு நோட்டைத் திறந்தா ஒண்ணுமே வரல. ஏன்?"

எல்லாக் கேள்வியிலும் இதுதான் அதிகம் வந்தது. காணொளியில் ஒவ்வொரு வரியும் முந்தைய வரியிலிருந்து வருவது கண்ணுக்குத் தெரிகிறது, மனம் 'சரி, சரி' என்கிறது. ஆனால் அந்த இடத்தில் எழுதக்கூடிய பத்து வரிகளில் இந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தது ஆசிரியர், நீங்கள் அல்ல. தேர்வில் கேட்பது அந்தத் தேர்ந்தெடுப்பைத்தான். ரொட்டி சானாய் வீசுகிறவரை எத்தனை நாள் பார்த்தாலும் மாவு நம் கையில் கிழியத்தான் செய்யும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். திரையில் கேள்வி தெரிந்ததும் நிறுத்துங்கள். கேள்வியை நோட்டில் எழுதி, முதல் வரியை உங்கள் யோசனைப்படி எழுதுங்கள். தவறாக இருந்தாலும் எழுதியே ஆக வேண்டும். பிறகு ஓடவிட்டு, ஆசிரியர் ஒரு வரி எழுதியதும் மறுபடி நிறுத்துங்கள். உங்கள் வரியும் அவர் வரியும் ஒன்றா? இல்லையென்றால் உங்களுடையதை அழிக்காமல் பக்கத்தில் அவருடையதை எழுதி, அவர் ஏன் அப்படிப் போனார் என்று ஐந்தாறு சொல்லில் குறியுங்கள்: 'பின்னத்தை ஒழிக்க', 'ப எல்லாம் ஒரு பக்கம் வர'. இப்படியே கடைசி வரை. யூடியூபில் என்றால், கணினியில் 'கே' விசை நிறுத்தும், 'ஜே' பத்து விநாடி பின்னால் போகும். கைப்பேசியில் திரையின் இடப் பக்கத்தை இரண்டு முறை தட்டினால் அதே பத்து விநாடி.

முடிந்ததும் காணொளியை மூடி, வெற்றுப் பக்கத்தில் அதே கணக்கை முழுதாகப் போடுங்கள். பிறகு எண்களை மாற்றி ஒன்று. மறுநாள் ஒன்று, நான்கு நாள் கழித்து இன்னொன்று. நான்காம் நாள் வரவில்லை என்றால் காணொளியை முதலிலிருந்து பார்க்காதீர்கள்; எந்த வரியில் நின்றதோ அந்த வரி வரும் இடத்தை மட்டும் பாருங்கள்.

"அப்படிப் பார்த்தா 12 நிமிஷக் காணொளிக்கு ஒரு மணி நேரம் ஆகுதே?"

ஆகும். ஆகத்தான் வேண்டும். 12 நிமிடக் காணொளி 15 நிமிடத்தில் முடிந்தால் நீங்கள் நிறுத்தவே இல்லை என்று பொருள்.

"'அந்தப் பக்கம் போனா குறி மாறும்'னுதானே எல்லாக் காணொளியிலயும் சொல்றாங்க? எனக்கு மட்டும் ஏன் தப்பா வருது?"

அது சுருக்கெழுத்து. கூட்டலுக்கும் கழித்தலுக்கும் மட்டும் பொருந்தும். −3ப = 12 என்ற கணக்கில் −3 'அந்தப் பக்கம்' போகும்போது குறி மாற்றி, ப = 12/3 = 4 என்று எழுதுகிறவர்கள் ஏராளம். சரியான விடை −4. அங்கே −3 பெருக்கிக்கொண்டிருக்கிறது. நாம் செய்வது இரண்டு பக்கத்தையும் −3-ஆல் வகுப்பது. எண் எங்கும் போகவில்லை, குறியும் மாறவில்லை.

ஒரு மாதத்துக்கு அந்த வாசகத்தையே விட்டுவிட்டு, ஒவ்வொரு வரியின் வலப் பக்கத்திலும் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்: 'இரு பக்கமும் 7 கூட்டு', 'இரு பக்கமும் −3-ஆல் வகு'. சலிப்பாக இருக்கும். சமனின்மைப் பாடம் வரும்போது இந்தப் பழக்கம்தான் காப்பாற்றும்: −2ப > 6 என்பதை −2-ஆல் வகுத்தால் அடையாளம் திரும்பி ப < −3 ஆகிறது. 'அந்தப் பக்கம் போனது' என்று நினைப்பவருக்கு எப்போது திருப்புவது என்றே தெரியாது. 'எதிர்ம எண்ணால் வகுத்தேன்' என்று எழுதியவருக்கு அந்த வரியே நினைவூட்டிவிடும்.

"பின்னத்துல மேலயும் கீழயும் 6 இருக்கு. வெட்டினா தப்புங்கிறாங்க. ஏன்?"

(ப + 6)/6 என்பதில் 6-ஐ வெட்டினால் சிலருக்கு ப வரும், சிலருக்கு ப + 1 வரும். இரண்டும் தவறு. ப = 6 என்று வைத்துப் பாருங்கள்: 12/6 = 2. ஆனால் வெட்டியவருக்கு 6 அல்லது 7. வெட்டுவது என்றால் வகுப்பது. மேலே உள்ளது முழுவதும் பெருக்கலாக இருந்தால்தான் வெட்டலாம். (6ப + 12)/6 என்றால் மேலே 6(ப + 2) என்று பொதுக் காரணியை வெளியே எடுத்த பிறகு வெட்டி ப + 2 எழுதலாம். காணொளிகளில் ஆசிரியர் பேசிக்கொண்டே சர்ரென்று ஒரு கோடு போட்டு வெட்டிவிடுவார். அந்தக் கோட்டுக்கு முன்னால் அவர் மனத்துக்குள் காரணிப்படுத்தியது திரையில் வராது. கோடு விழும் இடத்திலெல்லாம் நிறுத்திக் காரணியை எழுதுங்கள்.

"கம்ப்ளீட்டிங் த ஸ்கொயர் எத்தனை காணொளி பார்த்தாலும் மண்டையில ஏறல. பாதியாக்கு, வர்க்கமாக்குங்கிறாங்க. எதுக்கு?"

காகிதத்தில் வரைந்தால் ஏறும். பக்கம் ப உள்ள ஒரு சதுரம் வரையுங்கள், பரப்பு ப². ப² + 6ப என்றால் அதோடு 6 அகலத்தில் ஒரு பட்டையும் சேர்கிறது. அந்தப் பட்டையை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்து, 3 அகலப் பட்டை ஒன்றைச் சதுரத்தின் வலப் பக்கத்திலும் இன்னொன்றைக் கீழேயும் ஒட்டுங்கள். இப்போது பக்கம் ப + 3 உள்ள பெரிய சதுரம் ஏறக்குறைய வந்துவிட்டது, மூலையில் மட்டும் ஓர் ஓட்டை. ஓட்டையின் அளவு 3 × 3 = 9. 'பாதியாக்கு' என்பது பட்டையைக் கிழிப்பது, 'வர்க்கமாக்கு' என்பது மூலை. ஆகவே ப² + 6ப = (ப + 3)² − 9. வர்க்கப் பூர்த்தி என்ற தமிழ்ப் பெயரே இதைத்தான் சொல்கிறது.

ப²-க்கு முன்னால் எண் வந்தால்தான் உண்மையான தொல்லை. 2ப² + 12ப + 7 என்பதில் 2-ஐ முதல் இரண்டு உறுப்புகளிலிருந்து மட்டும் வெளியே எடுங்கள்: 2(ப² + 6ப) + 7. உள்ளே பூர்த்தி செய்தால் 2[(ப + 3)² − 9] + 7. பெரும்பாலோர் சறுக்குவது அடுத்த வரியில்: −9-உம் அடைப்புக்குள் இருக்கிறது, வெளியே வரும்போது அதையும் 2 பெருக்கும். 2(ப + 3)² − 18 + 7 = 2(ப + 3)² − 11. பெருக்க மறந்தவருக்கு −2 வரும். எது சரி என்று பார்க்க ப = 0 போடுங்கள். மூலக் கோவை 7 தருகிறது. 2 × 9 − 11-உம் 7. மறந்தவருடையது 18 − 2 = 16.

இந்த ப = 0 சோதனைக்கு ஐந்து விநாடி போதும். காணொளிகளில் ஏனோ யாரும் காட்டுவதில்லை.

"ஒரு சார் ஒரு மாதிரி காரணிப்படுத்துறார், இன்னொருத்தர் வேற மாதிரி. எதை நம்புறது?"

6ப² + ப − 12 என்பதை எடுத்துக்கொள்வோம். இங்கே பள்ளிகளில் பலரும் கற்பிப்பது 'டாராப் சீலாங்' எனப்படும் குறுக்குப் பெருக்கல்: இடப் பக்கம் 2ப, 3ப, வலப் பக்கம் 3, −4, குறுக்கே பெருக்கினால் −8ப-உம் 9ப-உம், கூட்டினால் ப. விடை (2ப + 3)(3ப − 4). தமிழ்நாட்டுக் காணொளிகளில் நடு உறுப்பைப் பிரிப்பார்கள்: 6 × −12 = −72; பெருக்கினால் −72, கூட்டினால் 1 வரும் எண்கள் 9, −8. ஆகவே 6ப² + 9ப − 8ப − 12 = 3ப(2ப + 3) − 4(2ப + 3). அதே விடை.

எங்கள் கருத்து: பல ஆண்டு இடைவெளிக்குப் பிறகு வருகிறவருக்கு இரண்டாவது வழி நல்லது. குறுக்குப் பெருக்கலில் ஊகம் அதிகம், வேகம் வந்த கைக்குத்தான் அது சுகம். எதைப் பிடித்தாலும் ஒரு மாதம் அதையே பிடியுங்கள். வாரம் ஒரு முறை மாற்றினால் இரண்டும் பாதிப் பாதியாக நிற்கும்.

"விடை ரெண்டு வந்துச்சு. புத்தகத்துல ஒண்ணைத் தூக்கிப் போட்டுட்டாங்க. எனக்கு எப்படித் தெரியும்?"

மூலச் சமன்பாட்டில் திரும்பப் போட்டால் தெரியும். √(ப + 6) = ப என்ற கணக்கில் இரு பக்கமும் வர்க்கமாக்கினால் ப² − ப − 6 = 0, அதாவது ப = 3 அல்லது −2. −2-ஐத் திரும்பப் போடுங்கள்: இடப் பக்கம் √4 = 2, வலப் பக்கம் −2. பொருந்தவில்லை. வர்க்கமாக்கும்போது 2-உம் −2-உம் ஒன்றாகிவிடுகின்றன. கூட்டத்தில் அழையாத ஆள் ஒருவர் உள்ளே வந்துவிடுகிறார்.

மடக்கையில் காரணம் வேறு. அடிமானம் 2-இல் லாக் ப + லாக் (ப − 2) = 3 என்றால் ப(ப − 2) = 8, ப = 4 அல்லது −2. எதிர்ம எண்ணுக்கு மடக்கை கிடையாது என்பதால் −2 தள்ளப்படும். தள்ளியதைக் காரணத்தோடு ஒரு வரி எழுதுங்கள்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: இருக்கும் விடையைத் தொலைப்பது. ப² = 5ப என்பதை ப-ஆல் வகுத்து ப = 5 என்று முடித்தால் ப = 0 காணாமல் போகும். ப பூச்சியமாக இருக்கலாம் என்னும்போது அதனால் வகுக்கக் கூடாது. ஒரு பக்கம் கொண்டுவந்து ப(ப − 5) = 0 என்று எழுதுங்கள்.

"ஃபங்ஷன் பாடத்துல வெளிநாட்டுக் காணொளி பார்த்தேன். எங்க புத்தகத்து விடையோட ஒத்துப் போகல."

குறியீடு வேறு. எஃப்(ப) = 2ப + 1, ஜி(ப) = ப² என்று வைத்துக்கொள்வோம். எஃப்ஜி(3) என்றால் எழுத்து வரிசைப்படி எஃப் முதலில் என்று தோன்றும். உண்மையில் எண்ணுக்கு அருகில் இருக்கும் ஜி முதலில் வேலை செய்கிறது. ஜி(3) = 9, பிறகு எஃப்(9) = 19. மாற்றிப் போட்டால் 49 வரும்.

நம் கூடுதல் கணித (அடிஷனல் மேத்ஸ்) புத்தகத்தில் எஃப்²(ப) என்றால் எஃப் இரண்டு முறை. எஃப்²(3) = எஃப்(7) = 15. வெளிநாட்டுக் காணொளிகள் சிலவற்றில் அதே குறியீடு விடையின் வர்க்கத்தைக் குறிக்கும், அப்போது 49. அதேபோல் எஃப்-இன் தலையில் −1 வந்தால் அது நேர்மாறு சார்பு, 1-ஐ எஃப்-ஆல் வகுப்பது அல்ல. படிவம் 4 கூடுதல் கணிதத்தின் முதல் பாடமான சார்புகளுக்கு மட்டும் உள்ளூர் ஆசிரியரின் காணொளியோடு தொடங்குவது தலைவலியைக் குறைக்கும்.

"காணொளியிலேயே தப்பு இருந்தா எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

இருக்கும், குறிப்பாக வெட்டி ஒட்டாத நேரலைப் பதிவுகளில். கீழே உள்ள கருத்துகளில் யாராவது நேரத்தைக் குறித்துச் சொல்லியிருக்கிறார்களா என்று பாருங்கள். மற்றபடி மேலே சொன்ன இரண்டு கருவிகள்தான்: சமன்பாடு என்றால் விடையைத் திரும்பப் போடுவது, கோவை என்றால் ப-க்கு ஓர் எண்ணைக் கொடுத்து முதல் வரியும் கடைசி வரியும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. வளைவரைக் கணக்குகளுக்கு ஜியோஜீப்ரா என்ற வரைபடச் செயலி இலவசமாகக் கிடைக்கிறது; சமன்பாட்டைத் தட்டினால் படம் வரும், வெட்டும் இடங்களை வாசித்துக்கொள்ளலாம்.

'30 விநாடியில் விடை' என்ற வகைக் குட்டிக் காணொளிகளில் கணக்கு பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். சொல்லாமல் விடுவது, அந்தத் தந்திரம் எந்தக் கணக்குக்குப் பொருந்தாது என்பதை. அவற்றைப் பொழுதுபோக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

"கால்குலேட்டர்லயே இருபடிச் சமன்பாட்டுக்கு விடை வருது. கேமராவைக் காட்டினா செயலி முழுசாப் போட்டுத் தருது. நான் ஏன் கையால போடணும்?"

புள்ளி வழிமுறைக்கும் உண்டு. கூடுதல் கணிதத்தில் தாள் 1-க்கு 80 புள்ளி, 2 மணி நேரம். தாள் 2-க்கு 100 புள்ளி, இரண்டரை மணி நேரம். வெறும் விடையை எழுதினால் வழிமுறைப் புள்ளிகள் போகும். விடை தவறாகி வழிமுறை சரியாக இருந்தால் பாதியாவது தேறும். கால்குலேட்டரைக் கையால் போட்ட பிறகு சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள். செயலி காட்டும் வழியும் காணொளி மாதிரிதான்: அடுத்த வரியைப் பார்க்கும் முன் உங்கள் வரியை எழுதியிருக்க வேண்டும்.

கால்குலேட்டரிலும் ஒரு பொறி உண்டு. −5² என்று தட்டினால் −25 வரும். வர்க்கம் முதலில், குறி பிறகு. இருபடிச் சமன்பாட்டுக்கு மூலம் உண்டா என்று பார்க்க பி² − 4ஏசி கணக்கிடும்போது பி எதிர்ம எண்ணாக இருந்தால் (−5)² என்று அடைப்புக்குறியோடு தட்டுங்கள். 'மூலம் இல்லை' என்று தவறாக முடிவு செய்யும் விடைகளில் பல இங்கேதான் பிறக்கின்றன.

"பாயான் லெப்பாஸ்ல 12 மணி நேர ஷிஃப்ட். எப்பத்தான் படிக்கிறது?"

வேலை நாளில் புதுப் பாடம் வேண்டாம். தொழிற்சாலைப் பேருந்திலோ எல்.ஆர்.டி.யிலோ கையில் பேனா பிடிக்க முடியாது. அங்கே ஒரு காணொளியைப் பதிவிறக்கி வைத்து, கேள்வி தெரிந்ததும் நிறுத்தி, முதல் வரி என்னவாக இருக்கும் என்று மனத்தில் சொல்லிப் பார்த்து, ஒரே ஒரு வரி ஓடவிட்டுச் சரிபாருங்கள். பத்துக் கணக்கின் முதல் வரிகளை இப்படிப் பார்ப்பது, ஒரு கணக்கை முழுதாக வேடிக்கை பார்ப்பதைவிட மேல். வேலையிலிருந்து வந்த இரவில் பழைய கணக்கு இரண்டு, இருபது நிமிடம், அவ்வளவுதான். ஓய்வு நாளில் ஒன்றரை மணி நேரம் ஒரே இருப்பில் புதுக் காணொளி ஒன்று. வீட்டில் இடமில்லை என்றால் பினாங்கில் ஜாலான் மஸ்ஜித் நெகிரியில் உள்ள டிஜிட்டல் நூலகம், கோலாலம்பூரில் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகம். காதுக்கருவியை மறக்காமல் கொண்டுபோங்கள்.

"எனக்கு எஸ்.பி.எம். வேணாம். ஏபெல் வழியா டிகிரி சேரப் போறேன். எல்லாத்தையும் படிக்கணுமா?"

வேண்டாம். ஏபெல் என்பது வேலை அனுபவத்தைக் கணக்கில் எடுத்து உயர்கல்வியில் சேர்க்கும் வழி. வணிகம், நிர்வாகம் போன்ற படிப்புகளின் முதல் பருவத்தில் பெரும்பாலும் மோதுவது மூன்று இடம். சூத்திரத்தை மாற்றி எழுதுவது, நேரியல் சமன்பாடுகள், அடுக்கும் மடக்கையும்.

நாசி லெமாக் கடைக்கு மாத வாடகை முதலியன 600 ரிங்கிட், ஒரு பொட்டலத்துக்கு ஆகும் செலவு 2.20, விலை 3.50 என்றால், 3.50ப = 600 + 2.20ப. ப = 600/1.30, அதாவது 461.5, 462ஆவது பொட்டலத்தில்தான் லாபம் தொடங்கும். 461 என்று சுருக்கினால் புள்ளி போகும். ஆண்டுக்கு 4 விழுக்காடு கூட்டு வட்டியில் பணம் இரட்டிப்பாக எத்தனை ஆண்டு? 1.04-இன் அடுக்கு ப = 2; ப = லாக் 2 ÷ லாக் 1.04 = 17.67. ஆண்டு முடிவில்தான் வட்டி சேரும் என்றால் 18 ஆண்டு. தெரியாத எண் அடுக்கில் போய் உட்கார்ந்துகொண்டால் மடக்கைதான் அதைக் கீழே இறக்கும். மடக்கைப் பாடத்தின் பயன் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது; காணொளியை இந்தக் கணக்கோடு தொடங்குங்கள், விதிகள் பிறகு வரட்டும்.

"எப்ப ஓர் ஆளைத் தேடிப் போகணும்?"

ஒரே வகைக் கணக்கில், வேறு வேறு ஆசிரியர்களின் மூன்று காணொளிகளை மேலே சொன்னபடி நிறுத்தி நிறுத்திப் பார்த்த பிறகும் ஒரே வரியில் நிற்கிறீர்கள் என்றால். நான்காவது காணொளி உதவாது. தவறு பெரும்பாலும் உங்களுக்குச் சந்தேகமே இல்லாத ஓர் இடத்தில் இருக்கும். அதனால்தான் நீங்கள் அங்கே தேடுவதில்லை. உங்கள் படிவம் 4 மகளே போதும், டியூஷன் ஆசிரியர்தான் வேண்டும் என்றில்லை.

போகும்போது 'இந்தக் கணக்கு வரலை' என்று கேள்வியை மட்டும் நீட்டாதீர்கள். அவர் முழுதாகப் போட்டுக் காட்டிவிடுவார், அது இன்னொரு காணொளி ஆகிவிடும். அழிக்காத நோட்டைக் காட்டி, எந்த வரியில் விடை விலகியது என்பதைப் பென்சிலால் வட்டமிட்டு, 'இந்த வரிக்கு முந்தைய வரியை மட்டும் பாருங்க' என்று கேளுங்கள்.